இறக்கையில் பூத்த திருநீறு

போன மாதம் பல் டாக்டர் என் கடைவாய்ப் பல்லுக்கு ஒரு உலோகக் கேப் மாட்டிவிட்டார். பக்கத்துப் பல்லில் முப்பது வருஷத்துக்கு முன் அடைத்த வெள்ளி இருக்கிறது. வீட்டுக்கு வந்து வாயை மூடியதும் நாக்கின் ஓரத்தில் ஒரு துவர்ப்பு ஏறியது. படிகாரத்தை நக்கிய மாதிரி. மறுநாள் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் டாக்டருக்கு என் பேத்தி வயசுதான் இருக்கும். ரெண்டு வேற உலோகம் பக்கத்துல பக்கத்துல இருக்கு ஆன்ட்டி, நடுவுல எச்சில் இருக்கு, நாலு நாள்ல பழகிடும் என்று சிரித்தாள். அதே பேச்சை நான் ஒன்பது வயதில் காக்ஸ் டவுனில் ஒரு தகரக் கொட்டகையில் கேட்டிருக்கிறேன். அந்தத் துவர்ப்பும் எனக்குப் பழையதுதான்.

உங்களுக்கும் என் வயதுதான். முழங்காலில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று ஆளுக்கு ஏதோ ஓர் உலோகத்தைச் சுமந்துகொண்டுதான் நாம் பார்க்கில் நடக்கிறோம். அதனால் இதை உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. அந்தக் காலம் பொற்காலம் என்று யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள். நான் சொல்லப்போகும் மழைக்காலத்தில் எனக்கு ஒரு நாள்கூட நிம்மதியாகச் சோறு இறங்கவில்லை.

அந்த வருஷம் அம்மாவுக்குப் பிரசவத்தில் சிக்கல். அப்பாவுக்கு ஹூப்ளியில் வேலை. என்னை அப்பாவின் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அத்தைக்கும் மாமாவுக்கும் குழந்தை இல்லை. பழைய கன்டோன்மென்ட் வீடு, சிவப்பு ஓடு, முன்னால் ஒரு முருங்கை, பின்னால் நீளமான காம்பவுண்டு. அந்தக் காம்பவுண்டில் மாமா தகரக் கொட்டகை போட்டு ஒரு விமானம் செய்துகொண்டிருந்தார்.

பொம்மை விமானம் இல்லை. இரண்டு பேர் உட்கார்ந்து நிஜமாகவே பறக்கிற விமானம். மாமா விமானத் தொழிற்சாலையில் தகடு வேலை செய்கிற ஃபிட்டர். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரைபடம் வரவழைத்து, ஆறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலமும் அதிலேயே கிடந்தார். வீட்டில் யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. "அது" என்றுதான் சொல்வார்கள். அது எப்படி இருக்கு, அதுகிட்ட போகாத, அதுமேல மழைத் தண்ணி படுது பாரு. நான் போன புதிதில் வீட்டில் நோயாளி யாரையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

உடம்பு ஒரு பக்கம் கிடக்கும். இறக்கையைத் தனியாகக் கட்டைக் கால்கள் மேல் படுக்க வைத்திருந்தார்கள். அதன் அடிப்பக்கம் என் கண் மட்டத்துக்கு வரும். தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணிகளின் தலைகள் வரிசை வரிசையாக. மழை விட்ட பிறகு கொட்டகைக்குள் போனால் டிக், டிக் என்று எங்கிருந்தோ சத்தம் வரும். அலுமினியம் சூட்டிலும் குளிரிலும் நெளிகிற சத்தம் என்று மாமா சொல்வார். அவர் சொன்னதை நான் நம்பவில்லை.

மாமாவின் விரல்கள் எப்போதும் மஞ்சள் பச்சையாக இருக்கும். உலோகம் அரிக்காமல் இருக்க அடிக்கிற பிரைமர் பூச்சின் கறை. இரும்பு போல்ட் அலுமினியத்தைத் தொடுகிற ஒவ்வோர் இடத்திலும் அந்தப் பிரைமரைப் பூசி, காயவைத்து, மறுபடி பூசி, நடுவில் வாஷர் வைத்து, அதற்கும் பூசி, அப்புறம்தான் முடுக்குவார். ஒரு போல்ட்டுக்கு ஒரு சாயங்காலம் போகும். அத்தைக்கு அது பொறுக்கவில்லை. கல்யாண வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி எதுக்கு இத்தனை பூச்சு என்று ஒருநாள் கேட்டாள். நான் அப்போது காபி டம்ளரை ஏந்திக்கொண்டு வாசலில் நின்றிருந்தேன்.

"ரெண்டு வேற வேற உலோகம் நேரா தொட்டுக்கிட்டு இருந்து, நடுவுல ஈரம் பட்டா, ஒண்ணு இன்னொண்ண தின்ன ஆரம்பிச்சிடும்," என்றார் மாமா. "வெளிய ஒண்ணும் தெரியாது. சத்தமும் வராது. ஒருநாள் மேல போறப்போ உடைஞ்சிடும்."

அத்தை புடவைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தாள். அப்போ நமக்கு நடுவுல என்ன பெயிண்ட் அடிச்சிருக்கீங்க என்று கேட்டாள். மாமா பிரஷ்ஷால் என்னைக் காட்டினார். அதான் பாப்பா வந்து நிக்கிறாளே என்றார். மூன்று பேரும் சிரித்தோம். ஆனால் தின்னும் என்ற சொல் என் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து அந்த டிக் டிக் சத்தம் எனக்குப் பல்லில் மெல்லுகிற சத்தமாகக் கேட்டது.

மாமாவுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. அலுமினியத் துண்டுகளை உள்ளங்கை அளவு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வேற்று உலோகத்தை முடுக்கி, உப்புத் தண்ணீரில் நனைத்து, துணிக்கொடியின் கோடியில் கம்பியில் தொங்கவிடுவார். ஒன்றில் இரும்பு, ஒன்றில் பித்தளை, ஒன்றில் செம்பு, ஒன்றில் பிரைமர் பூசிய இரும்பு. அட்டையில் பெயர் எழுதி மெழுகு தடவிக் கட்டியிருப்பார். காற்றடித்தால் அவை ஒன்றோடொன்று மோதிக் கிணிகிணிக்கும். அத்தை என் பாவாடையை அவற்றுக்குப் பக்கத்தில் உலர்த்த மாட்டாள். அதெல்லாம் தூக்குல தொங்குது, அதுங்க பக்கத்துல குழந்தைத் துணி வேணாம் என்பாள்.

ஆனி கடைசியில் தொழிற்சாலையில் மாமாவை மூன்று மாதப் பயிற்சிக்கு வடக்கே அனுப்பினார்கள். அப்போது இறக்கை வேலை முடிந்துவிட்டது. தீபாவளி கழிந்து ஜக்கூர் விமான மைதானத்துக்கு எடுத்துப் போவதாகப் பேச்சு. கிளம்புவதற்கு முன்னால் சாப்பிட உட்கார்ந்தபோது மாமா என்னைச் சீண்டினார். முதல்ல நான் தனியா போவேன், உயிரோட கீழ வந்தா ரெண்டாவது ரவுண்டு பாப்பாதான், பின் சீட்டு அவளுக்கு என்றார். நான் குதித்தேன். அத்தை ரசக் கரண்டியை அப்படியே பாத்திரத்தில் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். மாமா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு அது கோபமாகத்தான் பட்டது.

ஆடி முதல் வெள்ளிக்கிழமை அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு தகடு எழுதிக் கொடுக்கிற ஒருவரிடம் போனாள். பிரேசர் டவுன் தாண்டி ஒரு சந்து. நான் வெளியே செருப்புகளுக்குக் காவல் இருந்தேன். உள்ளே வெகுநேரம் பேசினார்கள். வரும்போது அத்தை இடுப்பில் ஒரு பொட்டலத்தைச் செருகியிருந்தாள். மூன்று விரல் அகலச் செப்புத் தகடு, சுருட்டி, மஞ்சள் துணியில் முடிந்தது. வீடு கட்டும்போது நிலைவாசலுக்கு அடியில் வைப்பார்களே, அந்த மாதிரி.

வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொட்டகைக்குப் போனோம். இறக்கையின் அடியில் ஒரு வட்டத் துளை உண்டு. உள்ளே போல்ட்டைப் பார்க்க வைத்தது. நாலு ஸ்க்ரூ போட்ட மூடி. அத்தை அதைக் கழற்றிக் கையை நுழைத்தாள். மணிக்கட்டோடு நின்றது, வளையல் இடித்தது. வளையலைக் கழற்றியும் போகவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தாள்.

தாயத்து என்றால் உடம்பைத் தொட வேண்டும். அது அத்தைக்கு மட்டுமில்லை, நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அரைஞாணில் கட்டினால் தோலில் படும்படிதானே கட்டுவோம். பெயிண்ட் மேல வச்சா அது உடம்பு ஆகாது என்று தகடு எழுதியவரும் சொல்லி அனுப்பியிருந்தாராம். அத்தை மாமாவின் பெட்டியிலிருந்து ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்து என் கையில் கொடுத்தாள். உள்ளே குறுக்கே போகிற அலுமினியச் சட்டத்தின்மேல் இருக்கிற மஞ்சள் பூச்சைச் சுரண்டு என்றாள். நான் கையை முட்டிவரை விட்டுச் சுரண்டினேன். உள்ளே இருட்டு, குளிர்ச்சி. என் விரலுக்கு அது ஏதோ ஒரு பெரிய மிருகத்தின் விலா எலும்பு மாதிரி இருந்தது. மாமா பத்து சாயங்காலம் பூசியதை நான் பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டேன். வெறும் உலோகம் வழவழவென்று தட்டுப்பட்டதும் துணியை விலக்கி, செம்பு படும்படி பொட்டலத்தை அதன்மேல் அழுத்தி வைத்து, நூலைச் சட்டத்தைச் சுற்றி முடிந்தேன்.

கட்டும்போது கேட்டேன். "இதுக்கப்புறம் மாமாவுக்கு ஒண்ணும் ஆகாதா அத்த?"

"தெரிஞ்சு ஏறுறவங்களுக்கு என்ன பாப்பா. தெரியாம ஏறுறவங்களுக்குத்தான் காவல் வேணும்," என்றாள். ஆறு வருஷம் பாடுபட்டாலும் மாமாவுக்கு ஒன்றும் தெரியாது என்று அத்தை சொல்வதாக நான் எடுத்துக்கொண்டேன். அத்தை அப்படிச் சொல்லக்கூடியவள்தான். பிறகு என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். "யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா காவல் உடைஞ்சிடும். யாருக்குக் கட்டினமோ அவங்க தலையிலதான் இறங்கும்."

அதற்குமேல் ஒவ்வொரு வெள்ளியும் ஒரு வேலை எனக்கு. உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை என் இங்க் ஃபில்லரில் உறிஞ்சி, துளைக்குள் கையைவிட்டு, அந்தத் துணி நனைகிறவரை சொட்டுவேன். திருஷ்டி கழிக்கிறதாம். நீல மை கறை படிந்த அந்த ரப்பர் ஃபில்லரை அப்புறம் நான் எங்கே தொலைத்தேன் என்று நினைவில்லை. அந்த ரப்பர் வாசனை மட்டும் இன்னும் இருக்கிறது.

ஆவணியில்தான் அது தொடங்கியது. ஒருநாள் காலை அத்தை கொட்டகையைப் பெருக்கப் போனவள் வெளியே வரவே இல்லை. நான் போய்ப் பார்த்தேன். அவள் இறக்கைக்கு அடியில் தரையில் உட்கார்ந்து கைகூப்பியிருந்தாள். துளைக்குப் பக்கத்தில் ரிவெட் வரிசை நெடுக வெள்ளைப் பொடி பூத்திருந்தது. மாவைவிட மெல்லிசு. விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வந்தது. கிட்டத்தட்ட ஒரு சாண் நீளத்துக்கு மூன்று கோடு.

அத்தை அதை வாழை இலையில் வழித்து வெள்ளிச் சம்புடத்தில் போட்டாள். இடத்தை ஈரத்துணியால் துடைத்தாள். மறுநாள் காலை போனோம். அதே இடத்தில், அதே நீளத்துக்கு, மறுபடி பூத்திருந்தது. அதற்கு மறுநாளும். துடைக்கத் துடைக்க வந்தது. யாரோ விடியலில் வந்து மூன்று விரலால் இழுத்துவிட்டுப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அத்தைக்கு யார் என்று தெரிந்தே இருந்தது.

தெருப் பெண்கள் வரத் தொடங்கினார்கள். செருப்பைக் காம்பவுண்டுக்கு வெளியே விட்டுவிட்டுக் கொட்டகைக்குள் கால் வைப்பார்கள். சாம்பிராணிப் புகை தகரக் கூரையில் முட்டி நிற்கும். பக்கத்து வீட்டு டீச்சர் கிறிஸ்தவர். அவரும் ஒருநாள் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். அன்று மாலை அவர் வீட்டுப் பியானோ ஒலிக்கவில்லை. அதைக்கூட நான் கவனித்து வைத்திருக்கிறேன், அவ்வளவு பயம். அத்தை இறக்கையோடு பேசுவாள். தாழ்ந்த குரலில், மாடோடு பேசுகிற மாதிரி. இறக்கை டிக் டிக் என்று பதில் சொல்லும்.

இன்னொன்றும் நடந்தது. அந்த இடத்தில் இறக்கையின் அலுமினியத் தகடு உப்பத் தொடங்கியது. முதலில் ஒரு ரிவெட்டைச் சுற்றி, அப்புறம் நாலைந்து. தட்டையாக இருந்த இடம் கொப்புளம் மாதிரி மேடானது. உள்ளிருந்து எதுவோ விரலால் நெம்புகிறது என்று நான் அத்தையிடம் சொன்னேன். அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த மேடு ஒவ்வொன்றின்மேலும் குங்குமப் பொட்டு வைத்தாள். எனக்குத் தினம் அந்த வெள்ளைப் பொடியை நெற்றியில் பூசிவிட்டு, மிச்சம் ஒரு சிட்டிகையை நாக்கிலும் வைப்பாள். திருநீறு என்றால் அப்படித்தானே. ஆனால் அது திருநீறு மாதிரி இல்லை. நாக்கு சுருங்கும். துவர்க்கும். பார்பர் கடையில் அப்பாவின் கன்னத்தில் தேய்க்கிற படிகாரக் கட்டியை ஒருதரம் நக்கியிருக்கிறேன், அந்த ருசி. சாமி பிரசாதத்தைத் துப்பக் கூடாது என்று விழுங்கினேன்.

மாமா புரட்டாசி கடைசியில் திரும்பி வந்தார். ஆயுத பூஜை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ரம்பம், சுத்தியல், தையல் மெஷின், இறக்கை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தாள் அத்தை. இறக்கைக்கு மட்டும் கை தாராளம். அந்த உப்பிய இடம் முழுக்கச் சந்தனத்துக்கு அடியில் போய்விட்டது. மாமா பார்த்துச் சிரித்தார். பறக்கிற அன்னிக்குத் துடைச்சுக்கலாம், இருக்கட்டும் என்றார். பூஜை போட்டதைத் துடைக்கச் சொல்லி எந்த ஆண்பிள்ளை பேசுவார், சொல்லுங்கள். மாமா சாமி கும்பிடாதவர், ஆனால் அத்தையின் சந்தனத்தில் கை வைக்க மாட்டார். அவருக்குக் கவனமெல்லாம் இன்ஜின் மேல். இறக்கை முடிந்த வேலை. அந்த மூடியை அவர் திறக்கவே இல்லை.

தெருப் பெண்களிடம் அத்தை, அவர் பறந்து இறங்கினப்புறம் நானே சொல்லிக்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தாள். அவர் குளிக்கிற நேரம் பார்த்து, பூத்ததைத் துடைத்து, மேலே புதுச் சந்தனம் அப்பினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா துணிக்கொடியில் தொங்கிய துண்டுகளைக் கழற்றி வெயிலில் வரிசையாக வைத்தார். அத்தை பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் சுவரில் சாய்ந்திருந்தேன். பிரைமர் பூசியது வைத்தபடியே இருந்தது. பித்தளையில் புள்ளி புள்ளியாகப் பொரிந்திருந்தது. செம்புத் துண்டை எடுத்தபோது மாமா உஸ் என்றார். அலுமினியத்தில் அந்த இடம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்து, நடுவில் ஒரு ஓட்டை. அதன் வழியாக அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். செம்புதான் ராட்சசன், மூணே மாசத்துல சாப்பிட்டு முடிச்சிட்டான் பாரு என்றார்.

அத்தை தலை நிமிரவில்லை. அவளுக்கு அது வேறு பொடி, இது வேறு பொடி. இன்றுவரை நான் அதை நடிப்பு என்று நினைக்கவில்லை. ஒன்றைத் தெய்வம் என்று பார்த்த கண்ணுக்கு அதே பொருள் துணிக்கொடியில் தொங்கினால் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் உள்ளே போனதும் அந்தத் துண்டை எடுத்து நக்கினேன். துவர்த்தது.

அதற்குப் பிறகு தீபாவளிவரை நான் இருந்த இருப்பை எப்படிச் சொல்ல. வாயைத் திறந்தால் காவல் உடைந்து மாமா தலையில் இறங்கும். திறக்காவிட்டால் இறக்கை உடைந்து மாமா கீழே விழுவார். இரண்டிலும் மாமாதான் சாகிறார். எந்தச் சாவுக்கு நான் காரணமாக இருப்பது என்பதுதான் கேள்வி. ஒன்பது வயசுப் பெண்ணுக்கு இது கொஞ்சம் அதிகம்தான். பட்டாசு கொளுத்தவில்லை. ஜுரம் வந்தால் பயணம் நிற்குமோ என்று மழையில் நின்று பார்த்தேன். தும்மல்கூட வரவில்லை. ஒருநாள் பிற்பகல் அத்தை தூங்கும்போது துளைக்குள் கையைவிட்டு அந்தப் பொட்டலத்தை இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. துணி, செம்பு, அலுமினியம் எல்லாம் ஒன்றாக இறுகிப்போய்க் கல்லாக இருந்தது. அதைச் சுற்றி என் விரல் பட்ட இடமெல்லாம் பொருபொருவென்று உதிர்ந்தது. நான் அங்கேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மைதானத்துக்கு எடுத்துப் போக லாரி வரும் காலையில் மாமா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். அவரோடு வேலை செய்கிற கன்னடக்காரர் ஒருவர் உதவிக்கு வந்திருந்தார். தெருவே காம்பவுண்டில் நின்றது. அத்தை சம்புடத்தை எடுத்து வந்தாள். ஒருதரம், எனக்காக, என்றாள். மாமா நெற்றியைக் குனிந்து காட்டினார். அவள் மூன்று விரலால் நிறையப் பூசினாள்.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். சம்புடத்தில் விரலைவிட்டு ஒரு சிட்டிகை எடுத்து மாமாவின் முன்னால் நீட்டினேன்.

"நாக்குலயும் வச்சுக்கோங்க மாமா."

பிரசாதம்தானே, அத்தையும் தடுக்கவில்லை. மாமா சிரித்துக்கொண்டே நாக்கை நீட்டினார். வைத்தேன். சிரிப்பு அப்படியே நின்றது. அவர் நாக்கை மேலண்ணத்தில் அழுத்தினார். நெற்றியிலிருந்து ஒரு விரல் பொடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது எங்கிருந்து வந்தது?" என்றார். தெருப் பெண்கள் அத்தையைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, அது சத்தியம். நடந்து போய் இறக்கைக்கு அடியில் நின்று, அந்த மூடியின்மேல் கையை வைத்தேன்.

மாமா சந்தனத்தைத் துடைத்தார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் அத்தையின் பொட்டில் கை வைத்தார். அடியில் கொப்புளங்கள். மூடியைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு லேசாக ஒரு தட்டு தட்டினார். ஊறின பிஸ்கட்டில் இறங்குவதுபோல அது உள்ளே இறங்கியது. ஒரு சத்தமும் இல்லை. கன்னடக்காரர் "அய்யோ தேவரே" என்று கடவுளை மெல்லக் கூப்பிட்டார். மாமா நெம்பி எடுத்தபோது பச்சை நீலமாய்ப் பாசி பிடித்த ஒரு பொட்டலம் விழுந்தது. பின்னாலேயே ஒரு பிடி வெள்ளைப் பொடி அவர் சட்டையில் கொட்டியது.

"நான்தான் வச்சேன்," என்றாள் அத்தை.

மாமா துளையைப் பார்த்தார். அவளுடைய கையைப் பார்த்தார். "உன் கை இதுக்குள்ள போகாது," என்றார். அதற்குமேல் அவர் அதைப்பற்றிப் பேசவே இல்லை. என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய், சோப்புப் போட்டு, நகக்கண் விடாமல் என் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டார். கழுவிக்கொண்டே இருந்தார். அவர் அழுகிறார் என்பது என் கையில் சூடாக விழுந்தபோதுதான் தெரிந்தது.

இறக்கை சிவாஜிநகர் குஜிரியில் பழைய சாமானோடு எடைக்குப் போனது. மாமா இன்னொன்று செய்யவில்லை. அதற்குப் பின் நான் அங்கே இருந்த நாட்களில் அவர்கள் இருவரும் நேராகப் பேசிக் கேட்டதில்லை. காபி வேணுமான்னு கேளு பாப்பா. வேணாம்னு சொல்லு பாப்பா. நான் நடுவில் நடந்துகொண்டிருந்தேன்.

நான் சொல்லிவிட்டேன் அல்லவா, வாயால் இல்லாவிட்டாலும். அதனால் மாமா சாகப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் தும்மினால் என் உயிர் போகும். ஈஸி சேரில் கண்ணயர்ந்தால் பக்கத்தில் போய் மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அந்தச் சமயத்தில் எல்லாம் முதுகில் ஏதோ உறுத்தும். திரும்பினால் அத்தை நிலைப்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பிடும்போது பார்ப்பாள். காலையில் கண் விழித்தால் முகத்துக்கு நேரே குனிந்து நிற்பாள், என் மூக்கடியில் அவள் விரல் இருக்கும். ஸ்கூலுக்குத் தெருமுனைவரை பின்னாலேயே வருவாள். காட்டிக் கொடுத்தவள் என்று வெறுக்கிறாள், ஏதோ செய்துவிடப் போகிறாள் என்று நடுங்கினேன். அரைப் பரீட்சை லீவில் அப்பா வந்து அழைத்துப் போனபோது நான் அவளிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை.

மாமா சாகவில்லை. எண்பது தாண்டி, கட்டிலில், தூக்கத்தில்தான் போனார். அத்தை மட்டும் எனக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் காலை ஏழு மணிக்குப் போன் செய்வாள். எங்கள் வீட்டுக்குப் போன் வந்த காலத்திலிருந்து, நான் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகும். ஒரே கேள்விதான், "ஒண்ணும் இல்லையே?" ஒண்ணும் இல்ல அத்த என்பேன். வைத்துவிடுவாள். அது எனக்கு எரிச்சலாக இருக்கும். சில வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே எடுக்காமல் விட்டிருக்கிறேன். அப்போது எடுக்கும்வரை அடிக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் அவள் போன பிறகு வீட்டை ஒழிக்கப் போனேன். அவள் அலமாரியில் அந்த வெள்ளிச் சம்புடம் இருந்தது, உள்ளே அந்தத் தகடு. புளி போட்டுத் தேய்த்தேன். கட்டம் கட்டமாக எழுத்துகள் வந்தன. ஓரமெல்லாம் அரித்து எழுத்து போயிருந்தது. அடியில் ஒரு பெயரும் நட்சத்திரமும் தப்பியிருந்தன. மாமாவின் பெயர் இல்லை. பின் சீட்டில் தெரியாமல் ஏறப்போகிறவளின் பெயர். என் பெயர், என் நட்சத்திரம்.

யாருக்குக் கட்டினமோ அவங்க தலையில இறங்கும் என்று சொன்னவள், நான் காட்டிக் கொடுத்த அந்தக் காலையிலிருந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் மாமாவின் மூச்சை எண்ணினேன், அவள் என் மூச்சை எண்ணினாள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் பயப்படுவேன் என்று நினைத்திருக்கலாம். அந்த அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து அவளை நினைத்து அழுதேன். செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

தகடு இப்போது என் இரும்பு பீரோவில் இருக்கிறது. அடியில் நாலாக மடித்த காகிதம் வைத்திருக்கிறேன், இரும்பைத் தொட விடுவதில்லை. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை எடுத்து ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பல் டாக்டர் சொன்ன நாலு நாள் முடிந்து நாலு வாரம் ஆகிவிட்டது, நாக்கில் அந்தத் துவர்ப்பு போகவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் அடிப்பதில்லை. ஒண்ணும் இல்ல அத்த என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் காபி குடிக்கிறேன்.